கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தைலம் கலந்த ரூம் ஸ்ப்ரே அடிக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மழை ஆரம்பித்ததிலிருந்து படுக்கையறையில் ஒரே ஈர வாடை. கடையில் விற்கும் ரூம் ஃப்ரெஷ்னர் அடித்தால் என் நாலு வயசுப் பையனுக்கு இருமல் வந்துவிடுகிறது, அவனுக்கு அடிக்கடி வீசிங் வரும். அதனால் இயற்கையாக வீட்டிலேயே செய்து கொள்ளலாம் என்று நீலகிரித் தைலம், லாவெண்டர் எண்ணெய், புல்தைலம் மூன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இவற்றை விட்டு, இரண்டு கற்பூர வில்லையை நுணுக்கிப் போட்டுக் குலுக்கினால் போதும், கிருமியும் செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் சர்க்கரை நோய் உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். இதை அடிக்கலாமா? நன்றாக வந்தால் தெரிந்தவர்களுக்கு பாட்டில் போட்டு விற்கலாம் என்றும் ஒரு யோசனை.
(கோவை வாசகி)

பதில்: முதலில் அந்தக் கற்பூரத்தை எடுத்து அப்புறப்படுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கற்பூரம் நம் பூஜை அறையில் எப்போதும் இருப்பதால் அதை ஒரு விஷமாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு அது வலிப்பை வரவழைக்கும். மிட்டாய் என்று நினைத்து ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், அதற்கு முன்னால் வாந்தியோ மயக்கமோ காட்டி நம்மை எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் அது உடம்புக்குள் போகும். சளி பிடித்திருக்கிறது என்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து குழந்தையின் சட்டையில் குத்திவிடுவது, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவது எல்லாம் பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்கு அது வேண்டாம். துணி அலமாரியில் போடும் அந்துருண்டையையும் இதோடு சேர்த்து வெளியேற்றுங்கள். அதில் இருக்கும் நாஃப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அந்தக் குறை தங்கள் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது.

நீலகிரித் தைலமும், அதாவது யூகலிப்டஸ் எண்ணெயும், இதே வகையில்தான் சேரும். வளர்ந்தவருக்கு மூக்கடைப்பில் இதமாக இருக்கும் அதே வாசனை, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆபத்தாக மாறலாம். யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களைத் தொடர்ந்து பயன்படுத்தியதால் வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். பெப்பர்மின்ட்டில் இருக்கும் மெந்தால் வேறு மாதிரி சிக்கல் தரும், கைக்குழந்தையின் மூக்கருகே அது போனால் தொண்டை இறுகி மூச்சே ஒரு கணம் நின்று போகலாம். அதனால் இரண்டு வயது ஆகும் வரை கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் இந்த மூன்றும் குழந்தை தூங்கும் அறையில் எந்த வடிவத்திலும் வேண்டாம் என்பேன். தைலமாக வேண்டாம், ஸ்ப்ரேயாக வேண்டாம், டிஃப்யூசரில் புகைய விடவும் வேண்டாம்.

இப்போது பெரியவன் விஷயம். கடை ஸ்ப்ரேக்கு இருமுகிறான், இயற்கையானதற்கு இரும மாட்டான் என்று நினைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் நினைத்திருக்கிறீர்கள், ஆனால் அவனுடைய மூச்சுக்குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. எலுமிச்சைத் தோலில் வாசம் தருவது லிமோனீன், கடை டப்பாவில் எலுமிச்சை வாசத்துக்குப் போடுவதும் பெரும்பாலும் அதே லிமோனீன்தான். இளைப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கிச் சிவந்து எதற்கெடுத்தாலும் சுருங்கத் தயாராக இருக்கும், காற்றில் மிதக்கும் எந்தக் காரமான வாசனையும், அது பூவிலிருந்து வந்ததோ ஆலையிலிருந்து வந்ததோ, அதைச் சீண்டும். இன்னொன்றும் உண்டு. லிமோனீன், லாவெண்டரில் உள்ள லினலூல் போன்றவை அறைக் காற்றில் இருக்கும் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்தால் அது அங்கேயேதான் சுற்றும். ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் போடும் சாம்பிராணி, இவையும் அதே கணக்குதான். சாம்பிராணி போடாதே என்றால் பாட்டிமார்களுக்கு மனசு கஷ்டப்படும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நான் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, அந்த வீடியோவில் சொன்ன முறையைப் பார்ப்போம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி உங்கள் புல்தைலத்தில் நாலு சொட்டு விட்டு ஸ்பூனால் நன்றாகக் கலக்குங்கள். கலங்கலாகி எல்லாம் கரைந்த மாதிரி இருக்கும். இரண்டு நிமிஷம் விட்டுப் பாருங்கள், எண்ணெய் முழுக்க மேலே வந்து விளிம்பை ஒட்டி வளையமாக நிற்கும். ஸ்ப்ரே பாட்டிலுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பாட்டிலின் உறிஞ்சு குழாய் அடியிலிருந்துதான் இழுக்கிறது என்பதால் முதல் பல நாட்கள் நீங்கள் அடிப்பது வெறும் தண்ணீர், வாசனை போதவில்லையே என்று இன்னும் பத்துச் சொட்டு விடுவீர்கள், கடைசியில் பாட்டில் காலியாகும் நேரத்தில் வருவது கலப்பில்லாத எண்ணெய். அது தலையணையில் விழும், தரை டைல்ஸில் வழுக்கும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி அங்கிருந்து வாய்க்கும் கண்ணுக்கும் போகும். புல்தைலம் கலக்காமல் தோலில் பட்டால் எரியும். உப்பு போட்டால் கரையும், வினிகர் விட்டால் கரையும், சமையல் சோடா போட்டால் கரையும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதுவும் கரைக்காது.

கிருமி சாகும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் ஒரு தட்டில் கிருமியை வளர்த்து, எதுவும் கலக்காத எண்ணெயை அதன் மேல் விட்டால் சில எண்ணெய்கள் அதைக் கொல்லும், உண்மைதான். அறைக் காற்றில் நாலு முறை அடிக்கும் ஸ்ப்ரே அந்த வேலையைச் செய்யாது. அதைவிடக் கவலையான விஷயம், அந்தப் பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளரலாம் என்பது. தண்ணீர் இருக்கிறது, கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை, நம் ஊர் வெயில் வேறு. வேறென்ன வேண்டும் அதற்கு.

இதை வெறும் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. 2021-இல் அமெரிக்காவில் வெவ்வேறு நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்தது. அந்த நாட்டு மண்ணில் வழக்கமாகக் காணப்படாத கிருமியால் வரும் நோய் அது, நால்வரில் யாரும் வெளிநாடு போகவும் இல்லை. ஒருவருக்கொருவர் தொடர்பும் இல்லை. இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதில் ஒன்று குழந்தை. பல மாதம் தேடி, கடைசியில் அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு வீட்டில் இருந்த லாவெண்டர், கேமொமைல் வாசனை ரூம் ஸ்ப்ரே பாட்டிலில் அந்த பர்கோல்டேரியா கிருமியைக் கண்டுபிடித்தார்கள். இயற்கை எண்ணெய் கலந்தது, உள்ளே அழகுக்கு வண்ணக் கற்கள் போட்டது, இந்தியாவில் தயாரித்து அங்கே பெரிய கடைகளில் விற்கப்பட்டது. சுமார் 3,900 பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கிருமி நம் வயல் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது, மழைக்காலத்தில் இங்கேயும் இந்த நோய் வருகிறது, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. உங்கள் மாமியாரை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ பாட்டிலில் அடைத்து வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு, அதை நுண்துளிகளாக்கி ஒரு மூடிய அறையில் அவர் சுவாசிக்கும்படி அடிக்காதீர்கள். விற்கும் யோசனைக்கும் இதுவே என் பதில். கெடாமல் காக்கும் பொருள் எது, எவ்வளவு என்று தெரிந்து, தயாரித்ததைப் பரிசோதனைக்கூடத்தில் கிருமிச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கும் வசதி வரும் வரை, தெரிந்தவர்களுக்கும்கூட விற்க வேண்டாம், சும்மாவும் கொடுக்க வேண்டாம்.

உங்களுக்கு ஆசையாக இருக்கிறது, குழந்தைகள் புழங்காத கூடத்துக்கு மட்டும் விருந்தாளி வரும்போது கொஞ்சம் அடித்துக்கொள்ள வேண்டும் என்றால், இப்படிச் செய்யலாம். சோப்பு செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் பாலிசார்பேட் 20 என்று ஒரு திரவம் கிடைக்கும், எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பது அதுதான். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் லாவெண்டர் எண்ணெய் பத்துச் சொட்டு, பாலிசார்பேட் நாற்பது சொட்டு, முதலில் இவை இரண்டையும் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகு கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 100 மில்லி. அன்றைக்கு வேண்டியது மட்டும் செய்யுங்கள், மிச்சத்தை ராத்திரியே கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் ஸ்பிரிட்டை இதில் ஊற்றாதீர்கள், அதில் மெத்தனால் கலந்த வகைகளும் உண்டு, தவிர சாமி விளக்கு எரியும் வீட்டில் ஸ்பிரிட்டைப் புகை மாதிரி அடிப்பது தீயோடு விளையாடுவது. எண்ணெய் பாட்டிலைத் திறந்து வருஷக்கணக்காகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். பழைய லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்கள் காற்றுப் பட்டு மாறிப்போய்த் தோலில் அலர்ஜியைக் கிளப்பும். வீட்டில் பூனை இருந்தால் இந்த எண்ணெய் எதுவுமே வேண்டாம், அதன் கல்லீரலால் இவற்றில் பலவற்றைச் செரித்து வெளியேற்ற முடியாது.

உண்மையில் உங்கள் படுக்கையறைக்குத் தேவை வாசனை இல்லை. ஈர வாடை என்றால் எங்கோ ஈரம் இருக்கிறது, அங்கே பூஞ்சை வளர்கிறது, பையனுக்கு வீசிங் வருவதில் அந்தப் பூஞ்சைக்கும் பங்கு இருக்கலாம். வாசனையை மேலே பூசினால் காரணம் உள்ளேயே கிடக்கும். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போட்டுப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், கருப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகத் தெரியும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, ஃபேனைப் போட்டு நன்றாக உலர விடுங்கள். மழை நாளில் துணியை அந்த அறைக்குள் காயப் போடாதீர்கள். மெத்தையை வெயில் கண்ட நாளில் மொட்டை மாடிக்குத் தூக்குங்கள். ஒட்டினாற்போல் பாத்ரூம் இருந்து அதை அதிகம் பயன்படுத்தவில்லை என்றால் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே இருக்கும் வளைவு, பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்பார்களே, அதில் தண்ணீர் வற்றிப்போய்ச் சாக்கடை நாற்றம் மேலே ஏறும், தினமும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினாலே நின்றுவிடும். சுவரில் நீர் கசிந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்தே ஆக வேண்டும், குழந்தைக்கு வீசிங் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வாசனைக்கு என்று ஏதாவது வேண்டுமென்றால் கூடத்தில் காய்ந்த வெட்டிவேர்க் கட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், அதுவும் அவன் இருமாத வரைக்கும்தான்.

வாங்கி வைத்த மூன்று எண்ணெயும் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும், மருந்து வைக்கும் இடத்தில் கூடாது. பாட்டில் பார்க்க இருமல் மருந்து மாதிரியே இருக்கும், ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் அதை ஊற்றிக் கொடுத்துவிட்டு அலறிக்கொண்டு வருபவர்கள் அவசர சிகிச்சைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தப்பித் தவறி குழந்தை குடித்துவிட்டால் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள், வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னும் பெரிய ஆபத்து. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போதைக்கு இரண்டு வாரம் வீட்டில் எந்த வாசனையும் வேண்டாம். ஸ்ப்ரே, ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி எல்லாம் நிறுத்திவிட்டு, கொசுவுக்கு வலை கட்டுங்கள். பையனுக்கு மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தால் அதை நிறுத்தாமல் கொடுங்கள். அவன் எந்த நாள் ராத்திரி இருமினான், எத்தனை முறை எழுந்தான் என்று காலண்டரிலேயே குறித்து வாருங்கள், அடுத்த முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து எடுத்துப் போங்கள். அதற்குள் ஒரு நாள் மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ காலை வரை பார்க்க வேண்டாம், அந்த நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள்.