பழைய டூரிங் பைக்கில் ஃபாக் லைட், ஃபோன் சார்ஜர் எல்லாம் சாவியோடு சேர்ந்து அணைகிற மாதிரி எப்படிப் பூட்டுவது?

தொண்ணூறுகளில் வந்த 400 சிசி ஜப்பான் பைக், அதில் ஃபாக் லைட் ரெண்டு, ஃபோன் சார்ஜர், முடிந்தால் கைப்பிடி ஹீட்டர், சாவியை எடுத்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலைநாட்டில் ஹட்டன் பக்கம், என்னிடமும் கிட்டத்தட்ட அந்த வயதுப் பைக்தான்.

வயரில் கை வைக்க முதல் கரண்ட் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து 400 சிசி பைக்கில் எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் பொதுவாக 200, 300 வாட் அளவில்தான் தரும், அதுவும் 5000 ஆர்பிஎம் பக்கம் ஓடும்போது. ஹெட்லைட், பின் லைட், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தே நூறு வாட்டுக்கு மேல் சாப்பிட்டுவிடும். இப்போது கினிகத்தேனை தாண்டி வட்டவளைப் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டது என்று வையுங்கள், லொறிக்குப் பின்னால் ரெண்டாம் கியரில் ஊர்ந்துதானே போவீர்கள்? ஃபாக் லைட் கட்டாயம் வேண்டிய நேரத்தில்தான் எஞ்சின் சுற்றுவதும் குறைவு, சார்ஜ் ஆவதும் குறைவு. நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் சொல்லும் கணக்கு நமக்குச் சரிவராது.

அதனால் 55 வாட் ஹாலோஜன் ரெண்டு போடாதீர்கள், அது 110 வாட், 9 அம்பியருக்கு மேல். 10 வாட் எல்இடி ரெண்டு என்றால் 2 அம்பியருக்குள் முடிந்துவிடும். கிராஷ் பாரில் தாழ்வாகப் பூட்டி, வெளிச்சம் பாதையில் விழுகிற மாதிரி சாய்த்து வையுங்கள், மேலே பூட்டினால் பனியில் பட்டு முகத்துக்கே திரும்பி வரும். யுஎஸ்பி சார்ஜர் ஒரு அம்பியர் விஷயம், அதை யோசிக்கவே தேவையில்லை. ஹீட்டர்தான் தீனிக்காரன், 30, 40 வாட் கேட்பான். நுவரெலியாவில் ஜனவரி விடியக்காலையில் ஓடினால் ஆசை வரும்தான், நான் நல்ல கையுறையோடு நிறுத்திக்கொண்டேன்.

வயரிங் பெரிய வித்தை இல்லை. பெட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் கால் (ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் பண்ணுகிற சுவிட்ச், கால்களின் நம்பர் அதிலேயே அடித்திருக்கும்). 87ஆம் காலிலிருந்து ஒரு சின்ன பியூஸ் பெட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பியூஸ், தேவையானால் ஹேண்டிலில் தனி சுவிட்ச். 85ஐ எர்த்துக்கும் 86ஐ சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு வயருக்கும் கொடுங்கள். ரிலே காயில் கால் அம்பியர் கூட இழுக்காது, எனவே பைக்கின் பழைய வயரிங்குக்குப் பாரமே இல்லை.

அந்த 86ஆம் காலுக்கு எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். கராஜில் கொடுத்தால் மெக்கானிக் பாஸ் பெரும்பாலும் பின் லைட் வயரில் கொளுவிவிடுவார், சீட்டுக்கு அடியில் கைக்கு எட்டுவது அதுதான். ஆனால் இந்த வயது ஜப்பான் பைக்குகள் பலவற்றில் சாவிக்கு பார்க்கிங் நிலை ஒன்று இருக்கிறது, தவறி அதுவரை திருப்பி எடுத்துவிட்டால் சாவி உங்கள் பையில் இருக்கும், பின் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதோடு உங்கள் ரிலேயும். காலையில் பைக்கைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். முன் பிரேக் சுவிட்சுக்கு வருகிற ரெண்டு வயரில் ஒன்றில் சாவி ஆன் என்றால் மட்டும் கரண்ட் இருக்கும், டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்து அதிலிருந்து எடுங்கள். சாவியை பார்க்கிங் நிலைக்கும் திருப்பி ஒருதரம் சோதியுங்கள், மொடலுக்கு மொடல் மாறும்.

எர்த்தை ஃபிரேமில் ஏதாவது ஒரு நட்டில் மாட்டாதீர்கள், பெயிண்டும் துருவும் இருக்கிற பைக், பெட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றுவது நம் மழைக்கு ஒரு சீசன் தாங்காது, வயரைக் கடித்துப் பிடிக்கிற அந்த நீலக் கிளிப்பும் அப்படித்தான், உள்ளே பச்சை பிடித்துவிடும். இணைப்பை நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்பி வயர் இழுபடுகிறதா என்றும் பாருங்கள், தோட்டத்துப் பாதையில் ஓடினால் உராய்கிற இடத்தில் தோல் உரிய அதிக நாள் ஆகாது.

எல்லாம் பூட்டிய பிறகு பெட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, எல்லாவற்றையும் ஆன் பண்ணி, பனியில் ஓடுகிற அதே ஆர்பிஎம்மில் பிடியுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 12.6க்கு இறங்கினால் பெட்டரியைத்தான் தின்கிறீர்கள். ஐந்தாயிரத்திலும் 13.5 வரவில்லை என்றால் நீங்கள் பூட்டியதில் குறை இருக்காது, ஆல்டர்னேட்டர் கரண்டைப் பெட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற ரெகுலேட்டர் ரெக்டிஃபயரையும் அதன் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள், பழசில் அங்கேதான் அடிக்கடி கருகியிருக்கும். அது சரியாகிறவரைக்கும் ஹீட்டருக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம்.