பழைய கதிரடிக்கும் மெஷினில் மரம் அறுக்கலாமா?

வணக்கம் நண்பரே. நெல் கதிரடிக்கும் பழைய மெஷினின் டிரம் ஷாஃப்டிலேயே 24 அங்குல வட்ட ரம்பத்தை மாட்டி, 35 எச்.பி. டிராக்டரால் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இஞ்சின் போதும். அந்த ஷாஃப்ட் மட்டும் வேண்டாம். வருடக்கணக்கில் உதறி ஓடியது, எங்காவது லேசாக வளைந்திருக்கும். ரம்பம் முடியளவு ஆடினாலும் வெட்டு கோணலாகும், பிளேடு சூடேறி நெளியும். சட்டத்தை வைத்துக்கொண்டு, புது ஷாஃப்டும் பேரிங்கும் லேத்தில் செய்து போடுங்கள்.

அடுத்தது வேகம். டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு, அதாவது பி.டி.ஓ., நிமிடத்துக்கு 540 சுற்றுதான் தரும். 24 அங்குல பிளேடுக்கு அது மிகக் குறைவு, பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். டிராக்டர் பக்கம் 14 அங்குலப் புல்லி, ரம்பத்தின் பக்கம் 5 அங்குலம் போட்டால் சுமார் 1,500 சுற்று வரும். பல் நுனி நொடிக்கு 48 மீட்டர் போகும், அது சரியான வேகம். பிளேடில் பொறித்திருக்கும் அதிகபட்சச் சுற்றை முதலில் பாருங்கள். தட்டைப் பெல்ட்டே நல்லது. மரம் சிக்கினால் வழுக்கி விடும்.

வேம்புக்குச் சாதாரணப் பல் போதும். தென்னையின் வெளிப்பகுதி பல்லைச் சீக்கிரம் மழுக்கும், மிகக் கடினமான கார்பைடு முனை வைத்த பிளேடு வாங்குங்கள்.

ரம்பத்துக்குப் பின்னால், வெட்டு மூடாமல் பிரித்துப் பிடிக்கும் கத்தித் தகடு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டை உங்கள் மேலேயே திரும்பிப் பாயும். பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி போடாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள், வேட்டி துண்டோடு கிட்டே போகவும் வேண்டாம். அப்புறம், கூலிக்கு அறுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.