மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. வீடு திரும்பியதும் நான் என்ன செய்ய வேண்டும்?

முதல் சில நாட்களில் உங்களுக்கு அதிக வேலை தருவது வடிகுழாய்தான். காயத்துக்குள் ஊறும் நீர் அதன் முனையிலுள்ள சிறு குடுவையில் சேரும். கையைக் கழுவிவிட்டுத் திறந்து, எத்தனை மில்லி என்று அளந்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பொதுவாக 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே குழாயை எடுப்பார்கள். அதை முடிவு செய்ய உங்கள் நோட்டு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

வலி முற்றும்வரை மாத்திரையைத் தள்ளிப்போட விடாதீர்கள். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் நேரே அவசரப் பிரிவு.

தழும்பை முதன்முதலில் பார்க்கும்போது நீங்கள் உடனிருக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். திசு ஆய்வு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் “எல்லாம் சரியாகிவிடும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட இரவில்தான் என் மனைவி மனம்விட்டு அழுதாள். அன்றுதான் நன்றாகத் தூங்கவும் செய்தாள்.