வீட்டுக்குத் திருட்டு அலாரம்: நாமே வாங்கிப் பொருத்தலாமா?

கேள்வி: கூடுவாஞ்சேரியில் தரைத்தளமும் மொட்டை மாடியும் கொண்ட தனி வீட்டில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு முறை பெங்களூருவில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்று மூன்று வாரம் தங்கிவிட்டு வருவோம். திருட்டு அலாரம் பொருத்தித் தர ஒருவர் 26,000 ரூபாய் கேட்கிறார். எட்டு சென்சார்கள் உள்ள கம்பியில்லா அலாரம் செட் இணையக் கடையில் 8,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயரிங் வேலை ஓரளவு தெரிந்த நான் அதை வாங்கி நானே பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: பொருத்திக்கொள்ளலாம். கம்பியில்லா அலாரத்தை மாட்டுவதற்குச் சீலிங் ஃபேன் மாட்டத் தேவைப்படும் கைப்பழக்கம்கூட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுவதும் கூலிதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 26,000 ரூபாய் கேட்டவரிடம் பொருள் வாரியாக எழுதிய மதிப்பீடு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் செட்டின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதை வாங்குவது என்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: சைரன் ஒலித்தால் யார் வந்து பார்ப்பார்? நீங்கள் பெங்களூருவில் இருக்கும்போது கைபேசிக்கு எச்சரிக்கை வந்து என்ன பயன்? இரவு இரண்டு மணிக்கு எழுந்து, உங்கள் வீட்டைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு 112-ஐ அழைக்கக்கூடிய அண்டை வீட்டார் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெற்று, பேனலில் (சென்சார்களின் செய்தியைப் பெற்றுச் சைரனை ஒலிக்கவிட்டுக் கைபேசிகளை அழைக்கும் மையப் பெட்டி) பதியும் எண்களில் அவருடைய எண்ணை முதலாவதாகவும் உங்களுடையதை இரண்டாவதாகவும் வையுங்கள். 100, 112 ஆகிய எண்களை நேரடியாகப் பதிய வேண்டாம். காவல் கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டியது மனிதர்தான். ஊருக்குப் புறப்படும் முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுச் செல்வதும் நல்லது.

அந்த அண்டை வீட்டார் இரண்டு முறை வீணாக எழுந்து வந்துவிட்டால் மூன்றாம் முறை புரண்டு படுத்துக்கொள்வார். எனவே, இனி நான் சொல்லும் ஒவ்வொன்றிலும் பொய் எச்சரிக்கை வராமல் இருக்குமா என்பதையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

முதலில் கதவு சென்சார். நிலைச் சட்டத்தில் ஒரு சிறு சுவிட்சும் கதவில் ஒரு காந்தமும் இருக்கும். கதவு விலகினால் காந்தம் நகர்ந்து சுவிட்ச் மாறும். கதவு திறந்தால் மின்சுற்று மாறி மணி அடிக்க வேண்டும் என்ற இதே எண்ணத்துக்குத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆகஸ்டஸ் போப் 1853-இல் காப்புரிமை பெற்றார். இதைவிட எளியதும் நம்பகமானதுமான சென்சார் வேறில்லை என்பது என் கருத்து. இரண்டு துண்டுகளுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இரட்டைக் கதவாக இருந்தால் முதலில் திறக்கும் கதவில் பொருத்துங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு சரியாக மூடாமல் போவதும், தேய்ந்த கீலால் கதவு காற்றில் ஆடுவதும் பொய் எச்சரிக்கைக்கு வழக்கமான காரணங்கள் என்பதால், சென்சாரை மாட்டுவதற்கு முன் தச்சரை அழைத்து இவற்றைச் சரிசெய்துவிடுங்கள். செட்டுடன் வரும் இரு பக்க ஒட்டு நாடா, பெயின்ட் அடித்த கதவில் கோடை வெப்பத்தில் பிடிப்பு விட்டுவிடும். சிறு ஸ்க்ரூ கொண்டு முடுக்குவதே உறுதி. வெளியே உள்ள இரும்பு கிரில் கேட்டில் சாதாரணக் கதவு சென்சாரைப் பொருத்தினால் இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக் குழப்பிவிடும். அதற்கு உலோகக் கதவுக்கென்றே விற்கப்படும் பெரிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜன்னல்களுக்கும் இதையே பொருத்தலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் ஜன்னல் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்துவிட்டுக் கம்பியை நம்பித் தூங்குகிறோம். கம்பியை அறுத்தோ வளைத்தோ உள்ளே வருபவரைக் கதவு சென்சார் அறியாது. ஆகவே ஜன்னலுக்குச் செலவிடும் சென்சாரை விட, கூடத்தில் ஒன்றும் பீரோ இருக்கும் அறைக்குச் செல்லும் வழியில் ஒன்றுமாக வைக்கும் நடமாட்ட சென்சார்கள் உங்களுக்கு அதிகம் பயன்படும். முன்கதவு, கொல்லைக் கதவு, மொட்டை மாடிக் கதவு ஆகியவற்றுக்கு மூன்று, இவை இரண்டு என்று ஐந்தே போதும். எட்டு என்ற எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம்.

நடமாட்ட சென்சார் உடலின் வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்வதை உணர்கிறது. ஆகவே வருபவர் அதை நோக்கி நேராக வருவதைவிட, அதன் பார்வைக்குக் குறுக்காக நடக்கும்படி ஏழடி உயரத்தில் மூலையில் மாட்டுவது சிறந்தது. வெயில் விழும் ஜன்னலையும் ஏசியின் காற்று வழியையும் அது பார்க்கக் கூடாது. இதன் பெரிய எதிரி பல்லி. லென்ஸின் மேல் ஒரு பல்லி ஊர்ந்தால், அவ்வளவு அருகில் அது ஒரு மனிதனுக்குச் சமமாகிவிடும். பூச்சிகளைக் கவரும் ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில் சென்சாரை வைத்தால் பல்லிக்கு நாமே பந்தி விரித்ததாகும். சென்சாரின் பின்புறம் ஒயருக்காக விடப்பட்டிருக்கும் துளைகளையும் எறும்பு புகாதபடி சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிடுங்கள். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: மே மாதத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் உட்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கிவிடுவதால், இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் மலிவான சென்சார் மந்தமாகிவிடும். அறை வெப்பத்துக்கு ஏற்ப உணர்திறனைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்று விவரப் பட்டியலில் பாருங்கள்.

செட்டை வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டால், அது செயலிழந்ததைப் பேனல் எவ்வளவு நேரத்தில் எனக்குச் சொல்லும்? மலிவான செட்டுகள் பலவற்றில் சென்சார் பேனலிடம் பேசும்; பேனல் சென்சாரை விசாரிக்காது. அது இறந்துபோனாலும் பேனல் பச்சை விளக்கோடு அமைதியாக இருக்கும். விலை வேறுபாட்டில் நியாயமான பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தொலைத்தொடர்பு. பெட்டியில் ‘ஜிஎஸ்எம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 2ஜி கருவியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லை. அந்த சிம்மைப் போட்டால் பேனல் யாரையும் அழைக்காது. ‘4ஜி’ என்று தெளிவாகக் குறிப்பிட்டுள்ளதையே வாங்குங்கள். சிம்மின் ரீசார்ஜ் நீங்கள் ஊரில் இல்லாத மூன்று வாரத்தின் நடுவே முடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை மட்டும் உள்ள பேனல் என்றால், மின்தடையின்போது பேனலுக்குள் பேட்டரி இருந்தும் ரௌட்டர் அணைந்துவிடும். ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்காமல் அந்த வகையை வாங்குவதில் பொருளில்லை.

பேனலை வாசலருகே மாட்டாமல் உள்ளறையில் வையுங்கள். கான்கிரீட் சுவர்கள் சிக்னலைக் குறைக்கும் என்பதால், எதையும் துளையிடாமல் தற்காலிகமாக ஒட்டி ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள். இரவில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும் நிலையில் வைக்கப் பழகுங்கள். இல்லையென்றால் தண்ணீர் குடிக்க எழுபவரே திருடராகிவிடுவார். வெளிச் சைரன் கைக்கு எட்டாத உயரத்திலும், கழற்ற முயன்றால் ஒலிக்கும் வகையிலும், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தானாக நிற்கும்படியும் இருக்கட்டும். தொழிற்சாலையில் வைத்த ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள். கொல்லைக் கதவில் இருப்பது வெறும் தாழ்ப்பாள் என்றால், அலாரத்துக்கு முன் அங்கே நல்ல பூட்டைப் போடுங்கள்.

கேள்வி: இணையக் கடையில் வாங்கிய அலாரத்தின் சைரன் நான்காம் மாதமே ஊமையாகிவிட்டது. ஓராண்டு வாரன்ட்டி உண்டு. விற்றவர் தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்கிறார்; பெட்டியிலோ தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பெயரே இல்லை. என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தே ஆக வேண்டும். இல்லாததே உங்களுக்கு ஒரு சான்று. முதலில் அந்த இணையத்தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகும் தீரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நுகர்வோர் வசிக்கும் இடத்தில் புகார் தர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

கேள்வி: வாடகை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சுவரில் துளையிட வீட்டுக்காரர் அனுமதிக்க மாட்டார். அலாரம் சாத்தியமா? (மதுரை வாசகி)

பதில்: மேல் மாடி வீட்டுக்கு வாசற்கதவில் ஒன்று, பால்கனிக் கதவில் ஒன்று என இரண்டு கதவு சென்சார்களும் உள்ளேயே ஒலிக்கும் சைரனும் போதும். ஒட்டும் இடத்தை முதலில் உலர்ந்த துணியாலும் பின்னர் ஸ்பிரிட்டாலும் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் நாடா நிற்காது, நிலைச் சட்டத்தின் மேல் நிற்கும். மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். காலி செய்யும்போது நாடாவை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்தால் பெயின்ட் பெயராது.