மெல்லுகிறாரா, விழுங்குகிறாரா?

கேள்வி: கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரக் களிக்கடை ஒன்றை டி.வி. உணவு நிகழ்ச்சியில் வானளாவப் புகழ்ந்தார்கள். அடுத்த ஞாயிறே குடும்பத்தோடு போனோம். ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு கிடைத்தது கல் போன்ற களியும் தண்ணீர்க் குழம்பும். காசு வாங்கிக்கொண்டுதானே இப்படிப் புகழ்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: வாங்கியதை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. வாங்கியிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த விதிமுறைகளின்படி, புகழ்பவருக்கும் விற்பவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால் மறைக்கக் கூடாது. தவறான விளம்பரம் என்று முடிவானால் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. நிகழ்ச்சியின் கடைசியில் எறும்பு ஊர்வதுபோல் சில எழுத்துகள் ஓடுமே, அதைப் படித்தீர்களா? அந்த நேரத்தில் நீங்கள் சாவியைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

காசுக் கதை இருக்கட்டும், களிக்கு வருவோம். உங்கள் தட்டுக்கு வந்த களி கல்லானதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள்.

நொய் வெந்து குழைந்ததும் ராகி மாவைக் கொட்டி, மூடி, மாவு அடிவரை வெந்த பிறகு களிக்கோலைப் போட்டுக் கிண்ட வேண்டும். பானை ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தோள் இறங்கும் அளவுக்குக் கிண்டினால்தான் கட்டி தட்டாமல் வரும். அதை ஈரக்கையால் உருட்டி உடனே இலையில் போட வேண்டும். ஆறினால் இறுகிவிடும், மறுபடி சூடு காட்டினாலும் பழைய பதம் திரும்பாது. இட்லியை அடுக்கி வைக்கலாம், பிரியாணிக்குத் தம் போட்டுக் காத்திருக்கலாம். களிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அறுபது பேருக்குக் கிண்டிப் பழகிய அடுப்பின் முன் ஞாயிற்றுக்கிழமை அறுநூறு பேர் போய் நின்றால், கடைக்காரர் என்ன செய்வார்? காலையிலேயே கிண்டி, உருட்டி, ஹாட்பாக்ஸில் போட்டுவிடுவார். குழம்புக்குத் தண்ணீர் அங்கேதான் சேர்கிறது. “களி தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள்” என்று சிலேட்டில் எழுதி வைக்கும் துணிச்சல் அவருக்கு இல்லாமல் போனது அவர் தவறு. எழுதியிருந்தால் அதற்கும் எனக்கு ஒரு கடிதம் போட்டிருப்பீர்கள்.

பாங்காக்கில் ஜெய் ஃபை என்று ஒரு மூதாட்டி. கரி அடுப்பின் முன், கண்களுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு நண்டு ஆம்லெட் போடுபவர். அவருடைய சிறிய கடைக்கு 2017 டிசம்பரில் மிஷெலின் நட்சத்திரம், அதாவது சிறந்த உணவகங்களுக்கு ஒரு பிரெஞ்சு வழிகாட்டி தரும் உலகப் புகழ்பெற்ற அங்கீகாரம், கிடைத்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றிலும் வந்தார். கூட்டம் தாங்காமல், நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றுவதாக ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் கரண்டியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. வந்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். விலையும் நம் களிக்கடை விலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டிக்கடைக்காரர்களின் பாடு இன்னும் மோசம். கடைக்காரராவது பின்னால் ஒரு கொட்டகை போடலாம். வண்டியில் இரண்டு அடுப்பு, நான்கு தண்ணீர் கேன், அவ்வளவுதான் இடம். டி.வி.யில் வந்த மறுநாள் கூட்டம் பத்து மடங்காகும். தட்டுக் கழுவத் தண்ணீர் போதாது. வாகனங்கள் சாலையை அடைத்துக்கொண்டால் போலீஸ் வந்து வண்டியைத்தான் எடுக்கச் சொல்லும், காரில் வந்தவர்களை அல்ல. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இல் சட்டம் வந்துவிட்டது என்று அந்த நேரத்தில் வாதாட அவரால் முடியுமா? இதையெல்லாம் எந்தத் தொகுப்பாளரும் திரும்பி வந்து படம் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

தொகுப்பாளர் என்றதும் ஒன்று. அடுத்த முறை களிக்கடை நிகழ்ச்சி வந்தால் அவர் வாயைப் பாருங்கள். களியை யாரும் மெல்ல மாட்டார்கள். கிள்ளி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, மென்று மென்று, “ஆகா, என்ன ருசி!” என்று ஒருவர் சொன்னால், அவர் அன்றுதான் முதல் முறையாகக் களியைப் பார்க்கிறார் என்று பொருள். அவர் பேச்சைக் கேட்டா பாலக்கோட்டிலிருந்து வண்டி எடுத்தீர்கள்?

எனக்கு வருத்தமே அதில்தான். 2023இல் நீலகிரியிலும் உங்கள் தர்மபுரி மாவட்டத்திலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. அந்த ராகி உங்கள் வீட்டில் என்ன ஆனது? மாவாகி அடுப்புக்குப் போனதா, கோழிக்குப் போனதா? உங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்காவது கிண்டத் தெரிந்திருக்கும். கொள்ளுக் கடைசலோடு வீட்டுத் திண்ணையில் கிடைப்பதைத் தேடி நெடுஞ்சாலையில் டோக்கன் வாங்கி நின்றீர்கள்.

அந்தக் கடையை ஒரேயடியாகத் தலைமுழுக வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் போங்கள். டி.வி.யில் காட்டாத ஒன்றையும் பாருங்கள்: உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் சுவரில் இருக்கிறதா என்று. களி வேண்டும் என்று சொல்லிவிட்டு, களிக்கோல் பானையில் இறங்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். வரவில்லை என்றால் தோசை சொல்லிவிடுங்கள். வந்தால் உட்காருங்கள், இலையில் விழுந்ததும் படம் எடுக்க செல்போனைத் தேடாதீர்கள், ஆறிவிடும்.