மூன்று அங்குலச் சவப்பெட்டி

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு நாள் முன்பு சரித்திரப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பழங்காலச் சீனாவில் கன்பூசியம், தாவோயிசம், சட்டவாதம், அப்புறம் பௌத்தம்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. முடித்துவிட்டு, “அப்பா, ஒரு சாதாரண வீட்ல இதுல எதைக் கும்பிட்டிருப்பாங்க?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கே சில சந்தேகங்கள் உண்டு. கன்பூசியஸ் சாமியா, வாத்தியாரா? தாவோ ‘ஒன்றும் செய்யாதே’ என்கிறதாமே, அப்படியானால் வயலை யார் உழுதார்கள்? ஒரே ஆள் இரண்டு மூன்று மதத்தில் இருக்கலாமாமே, அது எப்படி? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

உங்கள் மூன்று கேள்விகளைவிட மகளுடைய ஒரு கேள்வி கனமானது. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இந்தப் பட்டியலே பின்னால் வந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹான் அரசவையில் இருந்த சிமா தான் என்ற வரலாற்றாசிரியர்தான் பழைய சிந்தனையாளர்களை ஆறு கூடைகளில் பிரித்துப் போட்டார். தாவோயிசத்தின் பெரிய பெயர்களில் ஒருவரான சுவாங்ட்சு அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே செத்துப்போயிருந்தார். தன்னை ‘தாவோயிஸ்ட்’ என்று யாரும் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. கன்பூசியஸ் என்ற பெயரும் ஏசு சபைப் பாதிரிமார்கள் லத்தீன் வாய்க்குத் தோதாகச் செய்துகொண்டது. ஊரில் அவர் கொங் வீட்டு ஆசான். அவர் வழியைச் சீனத்தில் அவர் பெயரால் சொல்வதே இல்லை, ‘ரு’ என்பார்கள். சடங்கும் பழைய நூல்களும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர். ‘மதம்’ என்பதற்குச் சீனத்தில் இன்று புழங்கும் சொல்கூட 19ஆம் நூற்றாண்டில் ஜப்பான் வழியாகப் போனதுதான். ஆகவே ‘எந்த மதம்’ என்று கேட்டிருந்தால் அந்தக் காலத்து ஆளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. உங்கள் மகள் ‘எதைக் கும்பிட்டாங்க’ என்றல்லவா கேட்டாள்? அதற்கு உடனே பதில் வந்திருக்கும்: செத்துப்போன எங்கள் தாத்தாவை.

வடசீனாவில் ஆன்யாங் என்ற ஊர். ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகரம் அங்கேதான் இருந்தது. அரசருக்குப் பல் வலித்தால் எந்த மூதாதை கோபமாக இருக்கிறார் என்று கேட்பார்கள். கேட்கும் விதம் இப்படி: ஆமையின் அடி ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ எடுத்துப் பின்பக்கம் சின்னச் சின்னக் குழிகளாகக் குடைவார்கள். குழியில் சூடு வைத்தால் முன்பக்கம் ‘டக்’ என்று விரிசல் விடும். ஒரு நெடுங்கோடு, அதன் பக்கவாட்டில் ஒரு சிறு கோடு. சீன எழுத்தில் குறி கேட்பதற்கான எழுத்து இன்றும் அந்த விரிசலின் வடிவம்தான். விரிசலைப் படித்துப் பலன் சொன்னபின் கேள்வியையும் பலனையும் எலும்பிலேயே கீறி வைத்துவிடுவார்கள்.

அப்படி ஒன்று வூ டிங் அரசரின் மனைவி ஃபூ ஹாவோவின் பிரசவம் பற்றியது. இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்று அரசர் பலன் சொல்கிறார். முப்பத்தோரு நாள் கழித்து வேறு நாளில் பிரசவம் ஆகிறது. எலும்பில் முடிவு இருக்கிறது: ‘நல்லதாக அமையவில்லை. பெண்.’ மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் படிக்கும்போது சுருக்கென்கிறது. இத்தனைக்கும் அந்த ஃபூ ஹாவோ படை நடத்திப் போனவள். 13,000 பேரோடு போர்முனைக்குப் போனதை வேறொரு எலும்பு சொல்கிறது. அவளுடைய கல்லறையை 1976இல் தோண்டினார்கள். நானூற்றுக்கும் மேல் வெண்கலப் பொருட்கள், எழுநூற்றுக்கும் மேல் பச்சைக்கல் வேலைப்பாடுகள். கூடவே பலியிடப்பட்ட மனிதர்களும். முன்னோர் வழிபாடு என்றதும் நமக்கு வாழை இலையும் படையலும் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் அது இவ்வளவு சாதுவாக இருக்கவில்லை.

ஷாங்கை வீழ்த்திய சௌ வம்சத்தார் சுமார் கி.மு. 1046இல் வந்து ஒரு புது நியாயம் சொன்னார்கள்: வானம் ஒருவனுக்கு ஆணை தரும், அவன் கெட்டுப்போனால் பிடுங்கிக்கொள்ளும். பிறகு அவர்களே நொடித்துப்போனார்கள். சிற்றரசர்கள் அடித்துக்கொண்டார்கள். பழைய சடங்குகளை யார் யாரோ இஷ்டத்துக்குச் செய்தார்கள். கன்பூசியஸ் (கி.மு. 551–479) பிறந்தது இந்தக் குழப்பத்தில். எனக்குத் தோன்றுவது இதுதான்: பாடப்புத்தகம் தனித்தனி மதமாகக் காட்டுபவர்கள் எல்லாரும் ஒரே சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். செத்தவருக்கு எவ்வளவு செய்வது என்பது சண்டை.

கன்பூசியஸிடம் ட்ஸாய் வோ என்ற சீடன் கேட்கிறான்: பெற்றோர் இறந்தால் மூன்று வருஷம் துக்கம் காப்பது ரொம்ப அதிகமில்லையா, ஒரு வருஷம் போதாதா? (மூன்று வருஷம் என்பது நடைமுறையில் 25 மாதம்.) ஆசான் திருப்பிக் கேட்கிறார்: அந்தச் சமயத்தில் நல்ல அரிசிச் சோறு தின்று, பட்டு உடுத்தினால் உனக்கு மனசு உறுத்தாதா? உறுத்தாது என்கிறான். ‘அப்படியானால் செய்துகொள்’ என்று விட்டுவிடுகிறார். அவன் வெளியே போனதும்தான் வெடிக்கிறார்: பிள்ளை பிறந்து மூன்று வருஷம் கழித்துத்தான் பெற்றவர் கையை விட்டு இறங்குகிறது, இவனுக்கு அந்த மூன்று வருஷம் கிடைக்கவில்லையா? இங்கே நரகம் இல்லை, ஆவி வந்து தண்டிக்கும் என்ற மிரட்டல் இல்லை. ஆவிகளைப் பற்றிக் கேட்டபோது, உயிரோடு இருப்பவர்களுக்கே ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை, ஆவிகளுக்கு எங்கே செய்வது என்று ஒதுங்கியவர் அவர். வாழ்ந்தபோது வாத்தியார். கி.மு. 195இல் ஹான் பேரரசர் அவருடைய ஊரான சூஃபூவுக்கே போய்ப் பலி கொடுத்தார். அப்புறம் சாமி ஆவதற்கு என்ன தடை?

அடுத்தவர் மோட்சு, உங்கள் மகளின் பட்டியலில் இல்லாத ஒரு சிந்தனையாளர். மோட்சத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, இவர் கணக்குப் பார்க்கிறவர். சவப்பெட்டிப் பலகை மூன்று அங்குலம் போதும் (அவர்கள் அங்குலம் நம்முடையதைவிடக் கொஞ்சம் சின்னது), துணி மூன்று போதும், புதைத்துவிட்டுப் போய் வேலையைப் பார். மூன்று வருஷம் பட்டினி கிடந்து தடி ஊன்றி நடந்தால் குடியானவன் எப்படி உழுவான், புருஷனும் பெண்டாட்டியும் விலகி இருந்தால் ஊரில் ஜனத்தொகை எப்படிப் பெருகும் என்று கேட்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஆவிகள் நிஜமாகவே உண்டு, தப்பு செய்தால் தண்டிக்கும் என்று அடித்துச் சொன்னவர் இவர்தான். சடங்கை உயிராக நினைத்தவர் ஆவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆவியை நம்பியவரோ செலவைக் குறை என்கிறார். இந்த இடம் பிடிபட்டால் பாதிச் சீனா பிடிபட்ட மாதிரி.

மோட்சு மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. சூ நாடு, சோங் என்ற சின்ன நாட்டைத் தாக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுப் பத்து நாள் பத்து ராத்திரி நடந்தே போய், இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தரையில் மதில்போல வளைத்து, முற்றுகை வல்லுநரோடு விளையாடி ஜெயித்துப் போரை நிறுத்தினாராம். திரும்பும் வழியில் மழை. அதே சோங் நாட்டில் ஒதுங்கப் போனபோது வாசல் காவல்காரன் உள்ளே விடவில்லை. அவர் பெயரில் உள்ள நூலிலேயே இது இருக்கிறது.

சுவாங்ட்சுவோ திண்ணையில் உட்காரவே மாட்டேன் என்றவர். மனைவி இறந்த வீட்டுக்கு நண்பர் துக்கம் கேட்க வந்தால், இவர் காலை நீட்டிக்கொண்டு ஒரு பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். முதலில் அழுதேன், அப்புறம் யோசித்தேன், பருவம் மாறுவதுபோல மாறியிருக்கிறாள், இதற்கு ஏன் ஓலமிட வேண்டும் என்கிறார். தனக்குச் சாவு வந்தபோது சீடர்கள் பெரிய அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய, வேண்டாம் என்றார். வெட்டவெளியில் போட்டால் காக்கையும் பருந்தும் தின்றுவிடுமே என்றார்கள். மேலே போட்டால் பருந்து, கீழே புதைத்தால் எறும்பு. அதன் வாயிலிருந்து பிடுங்கி இதற்குக் கொடுப்பது என்ன பாரபட்சம் என்று கேட்டார்.

‘ஒன்றும் செய்யாதே’ என்பது பற்றி: வூவெய் என்ற தாவோயிசச் சொல்லை அப்படிப் பெயர்த்தவர்கள் நம்மைக் கெடுத்துவிட்டார்கள். தாவோயிசத்தின் ஆதி ஆசானாகச் சொல்லப்படும் லாவோட்சு பெயரில் உள்ள நூலில் ஒரு வரி, பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைப் பொரிப்பது போல என்கிறது. உங்கள் வீட்டில் நெத்திலி பொரிப்பவரிடம் கேளுங்கள். கரண்டியை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் போட்டால் சட்டியில் தூள்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்துவிட்டுப் போ என்று அர்த்தமில்லை. வயலை உழத்தான் செய்தார்கள்.

பௌத்தம் இதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி, கி.பி. முதல் நூற்றாண்டில் வந்தது. பெற்றோர் கொடுத்த முடியை மழிப்பது, பிள்ளை பெறாமல் மூதாதைக்குப் படைக்க ஆளில்லாமல் செய்வது என்று அதற்கும் அந்தத் திண்ணையில்தான் எதிர்ப்பு கிளம்பியது. கோயில், பூசாரி, பாவத்தை ஒப்புக்கொள்ளுதல் எல்லாம் உள்ள தாவோ மதமும் அந்தக் காலத்ததுதான். கி.பி. 142இல் லாவோட்சு தெய்வமாகத் தரிசனம் தந்ததாக ஜாங் தாவோலிங் என்பவர் சொன்னதிலிருந்து அது தொடங்குகிறது. போதிதர்மரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நன்றி. வேறு பலர் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: கி.பி. 547ஐ ஒட்டிய மிகப் பழைய குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வருவது தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சிபுரம் கிடையாது.

இப்போது உங்கள் மகள் கேட்ட வீடு. 1975 கடைசியில், ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹுடி என்ற இடத்தில் ஒரு கல்லறை கிடைத்தது. உள்ளே இருந்தவர் பெயர் ஷீ. கி.மு. 262இல் பிறந்து 217 வாக்கில் இறந்தவர். சீனாவை முதன்முதலாக ஒரே பேரரசாக்கிய சின் ஆட்சியில் மாவட்ட எழுத்தர். வழக்கு விசாரணையும் பார்த்தவர். சின் என்றால் சட்டவாதம்தானே? குற்றத்துக்குத் தண்டனை, உழைப்புக்குக் கூலி, நடுவில் தெய்வத்துக்கு வேலையில்லை. சவப்பெட்டிக்குள் அவரைச் சுற்றி ஆயிரத்துக்கு மேல் மூங்கில் பட்டைகளை அடுக்கியிருந்தார்கள். களஞ்சியத்தை எப்படிச் சோதிப்பது, களவுக்கு என்ன தண்டனை, விசாரணையில் எப்படிக் கேள்வி கேட்பது என்று பெரும்பகுதி சட்டம். ஒன்று, அதிகாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது; அதில் பெற்றோரிடம் அன்பு, மேலவரிடம் விசுவாசம் என்று கன்பூசிய வாசனை அடிக்கிறது.

மீதியில் பெரும்பாலான பட்டைகள் பஞ்சாங்கம். எந்த நாளில் வீடு கட்டலாம், எந்த நாளில் பெண் எடுக்கலாம், எந்த நாளில் பயணம் ஆகாது. அதோடு வீட்டுக்குள் வரும் பேய்களை விரட்டும் வழிகள். பீச் மரத்தில் வில் செய், முள்மரத்தில் அம்பு செய், கோழி இறகு கட்டு, கண்டதும் எய். பெரிய தெய்வம் ஒன்று உலவும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டுமா? நாய்ப் பீயை உருண்டை பிடித்துக் கையில் வைத்துக்கொள். தெய்வம் எதிரே வந்தால் அதன் மேல் எறி. அதற்குப் பிறகு உன்னை ஒன்றும் செய்யாது.

அன்புடன்.