வாசகர் கேள்வி பதில்: நடக்காத வரலாற்றைக் கூடிப் பேசுவது எப்படி?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த சில மாதங்களுக்கு ஸ்டீம்பங்க், மாற்று வரலாற்று நாவல்கள் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?
(வாசகி, ஈரோடு)

பதில்: உறவு உண்டு, ஒன்று இல்லை. மாற்று வரலாற்றில், நிஜத்தில் நடந்த ஒரு சம்பவம் வேறு மாதிரி முடியும். அங்கிருந்து உலகம் தடம் மாறும். ஸ்டீம்பங்கில் இயந்திரம்தான் பிரதானம். நீராவியும் பற்சக்கரமும் ஆளுகிற 19-ஆம் நூற்றாண்டு அதன் களம். வரலாறு மாறியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது, மாய மந்திரம்கூட வரலாம். அந்தப் பெயரே 1987-ல்தான் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜெட்டர் ‘லோகஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பயன்படுத்தினார்.

19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்னையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். வெர்ன் தன் காலத்து நீராவியை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தவர். ஸ்டீம்பங்க் எழுதுகிறவர் அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார். வெர்னைத் தாராளமாகப் படியுங்கள், ஆனால் முதல் மாதத்திலேயே வைத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் எதைத் திருப்பிப் போட்டார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கேள்வி: ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவலை எடுத்தோம். பாதிப் பேர் நூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். முடித்தவர்களும் இயந்திரங்களைப் பற்றியே பேசிவிட்டுக் கிளம்பினார்கள். எங்கே பிசகியது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதி 1990-ல் வந்த இந்த நாவலில் ஐந்து பெரிய பகுதிகள், கடைசியில் துண்டு துண்டான ஆவணங்கள் கொண்ட ஒரு சிறு பகுதி. முதல் பகுதியின் நாயகி சிபில் ஜெரார்ட் அதோடு கதையை விட்டுப் போய்விடுகிறாள். அடுத்த மூன்று பகுதிகள் மல்லோரி என்ற புதைபடிவ ஆய்வாளருடையவை. பழகிய ஆள் காணாமல் போகிற இந்த இடத்தில்தான் வாசகர் கழன்றுகொள்கிறார். “சிபில் கடைசியில் திரும்ப வருவாள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நாவலின் சுவை அதனால் குறையாது. முதல் கூட்டத்துக்கு இரண்டு பகுதிகள், மூன்று வாரம் கழித்து மீதி என்று பிரியுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், நிஜ வரலாறு கையில் இல்லாமல் உட்கார்ந்தது. கவிஞர் பைரன் பிரிட்டிஷ் பிரதமர் என்று நாவல் சொல்கிறது. அவர் 1824-லேயே கிரேக்க மண்ணில் காய்ச்சலில் இறந்தவர் என்று தெரியாதவருக்கு அந்த வரியில் எந்த அதிர்ச்சியும் இல்லை. ஆகவே கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு எல்லோருக்கும் ஒரே ஒரு ஏ4 தாள் போகவேண்டும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நாவலில் நடப்பது. ஆறு வரிக்கு மேல் வேண்டாம். நான்கு பக்கம் அடித்துக் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

முதல் வரி ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். நாவலின் தலைப்பில் இருக்கும் அவருடைய கணக்குப் பொறிக்கு பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்தது. பொறியாளர் ஜோசப் கிளெமென்ட்டோடு தகராறு முற்றி 1833-ல் வேலை நின்றது. 1842-ல் அரசு கைகழுவியது. வலப்பக்கத்தில் பொறி ஓடுகிறது, 1855-ஆம் ஆண்டு லண்டனில் குடிமக்களின் விவரங்கள் துளை அட்டைகளில் ஏறிவிட்டன. பைரனின் மகளும் கணித அறிஞருமான ஏடா லவ்லேஸ் நிஜத்தில் 1852-ல், 36 வயதில் இறந்தார். நாவலில் 1855-லும் உயிரோடு சூதாடுகிறார். லண்டனைத் திணறடித்த தேம்ஸ் நாற்றம் நிஜத்தில் 1858-ல் வந்தது, நாவலில் மூன்று வருடம் முந்திக்கொள்கிறது.

தாளில் கண்டிப்பாக இருக்கவேண்டிய வரி இது: இடப்பக்கம், 1812 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் பைரன் எழுந்து, இயந்திரத் தறிகளை உடைத்த லட்டைட் தொழிலாளர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று பேசினார். வலப்பக்கம், அதே பைரனின் கட்சி ஆட்சியில் சிபிலின் அப்பா, ஒரு லட்டைட் தலைவர், தூக்கில் போடப்பட்டிருக்கிறார். தொழிலாளிக்காக வாதாடியவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்? நாவல் ஒரே இடத்தில் இதற்கு விடை வைக்கவில்லை. சிதறிக் கிடக்கும் துணுக்குகளை உங்கள் வட்டம்தான் சேர்க்கவேண்டும். அரை மணி நேரம் போவதே தெரியாது.

இயந்திரப் பேச்சைத் தடுக்கவேண்டாம், திருப்பிவிடுங்கள். பாபேஜின் இரண்டாவது வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் செய்து ஓட்டிக் காட்டியது. அச்சடிக்கும் பகுதி 2002-ல் முடிந்தது. சுமார் 8,000 பாகங்கள், 5 டன் எடை. பாகங்களின் துல்லியம் 19-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளால் எட்டக்கூடிய அளவிலேயே வைக்கப்பட்டது. அப்படியானால் பாபேஜ் தோற்றது உலோகத்தாலா, மனிதர்களாலா? இந்தக் கேள்வியைப் போட்டால், பற்சக்கரத்தைப் பற்றிப் பேசியவர்களே பணம், அரசு, ரோஷம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: வட்டத்தில் ஒருவருக்கு வரலாறு அத்துப்படி. “இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை” என்று அவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மேலே சொன்ன தாளைத் தயாரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்துக்கு முன்பே எல்லோர் கைக்கும் வந்துவிடும். தொன்னூறு நிமிடக் கூட்டம் என்றால் “நடந்திருக்குமா?” என்ற விவாதத்தைக் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். அதற்கு முன் அந்தப் பேச்சு எழுந்தால், “சரி, ஆசிரியர் ஏன் இதை நடக்கவைத்தார்? எந்தப் பக்கத்தில் அது பலன் தருகிறது?” என்று கேளுங்கள். பக்க எண் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பேச்சு புத்தகத்துக்குள்ளேயே நிற்கும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இந்தக் கட்டுப்பாடு நிற்காது. இரண்டு குழுவாக உட்காருங்கள்.

கேள்வி: ஒரே மாலையில் படித்து முடித்துப் பேசுகிற அளவில், நமக்கு ஒட்டுகிற கதை ஏதாவது உண்டா?
(வாசகி, மதுரை)

பதில்: ஹாரி டர்ட்டில்டோவின் ‘தி லாஸ்ட் ஆர்ட்டிக்கிள்’ என்ற 1988-ஆம் ஆண்டுச் சிறுகதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இந்தியாவைப் பிடித்துவிடுகிறார்கள். காந்தியின் எதிரில் நிற்பது ஃபீல்டு மார்ஷல் மோடல். ஆங்கிலேயரிடம் பயன்பட்ட சத்தியாகிரகம் இவர்களிடம் என்ன ஆகும் என்பதுதான் கதை. ஆங்கிலம் சிரமமானவர்களுக்காக ஒருவர் கதையைத் தமிழில் சொல்லட்டும். காந்தியும் மோடலும் நேருக்கு நேர் பேசும் இடத்தை மட்டும் இருவர் குரல் பிரித்து வாசிக்கட்டும்.

கூடவே இரண்டு நிஜ ஆவணங்களையும் வையுங்கள்: 1922 அகமதாபாத் வழக்கில் காந்தி கொடுத்த வாக்குமூலம், ஜெர்மனியின் யூதர்களைப் பற்றி 1938 நவம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை. இவை இல்லாவிட்டால் கூட்டம் காந்தி பக்தர், காந்தி எதிர்ப்பாளர் என்று இரண்டாகப் பிரிந்து கதை ஓரமாகப் போய்விடும்.

கேள்வி: விக்டோரியா காலத்தைப் பித்தளை மினுக்கி அழகு பார்க்கிற கதைகளை, அந்தக் காலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த நாம் ஏன் படிக்கவேண்டும்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நியாயமான கேள்வி. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கவேண்டியதும்கூட. அழகான இயந்திரம் வரும்போதெல்லாம் நிலக்கரியைத் தோண்டியது யார், ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பல நாவல்கள் அங்கே மௌனமாகிவிடும். அந்த மௌனமே பேசவேண்டிய பொருள்.

நிசி ஷால் எழுதி 2016-ல் வந்த ‘எவர்ஃபேர்’ மௌனமாக இருப்பதில்லை. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த காங்கோவில் நிலம் வாங்கி, அடிமைப்பட்டவர்களுக்காக ஒரு நாடு அமைப்பதுதான் கதை. ரப்பர் வசூலுக்காக அங்கே மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டது நிஜம். நாவலில் அப்படிக் கையிழந்தவர்கள் பித்தளைக் கை பொருத்திக்கொள்கிறார்கள். ஸ்டீம்பங்கின் வழக்கமான அலங்காரப் பொருள் இங்கே காயத்தின் மேல் வந்து உட்காருகிறது. இந்த வகை எழுத்து எவ்வளவு தூரம் போகமுடியும் என்று கேட்பவருக்கு நான் முதலில் நீட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். பாத்திரங்கள் ஏராளம், அத்தியாயங்கள் வருடங்களைத் தாவும். பெயர்ப்பட்டியல் ஒன்றைப் புத்தகத்தில் செருகிக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ‘தி மேன் இன் தி ஹை காசில்’ எடுக்கப்போகிறோம். சிலர் அதன் தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பரவாயில்லையா?
(வாசகி, கோவை)

பதில்: குழப்பம் வரும். பிலிப் கே. டிக்கின் 1962-ஆம் ஆண்டு நாவலில் பாத்திரங்கள் ரகசியமாகப் படிப்பது ஒரு நாவலை. தொடரில் அது படச்சுருள்களாகிவிட்டது. தொடர் பார்த்தவர்கள் கடைசியாகப் பேசட்டும்.

புத்தகம் படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் நாவல் நம் வரலாற்றைச் சொல்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். 1933-ல் மயாமியில் சங்காரா என்பவர் சுட்டபோது, அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட் தப்பினார், சிகாகோ மேயர் செர்மாக் குண்டடிபட்டு இறந்தார், இது நிஜம். டிக்கின் நாவலில் ரூஸ்வெல்ட்டே கொல்லப்படுகிறார், அங்கிருந்து வரலாறு மாறி இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, ஜப்பான் முதலிய அச்சு நாடுகள் வெல்கின்றன. உள்நாவலில் அவர் தப்பிக்கிறார், ஆனால் அடுத்து டக்வெல் என்பவர் அதிபராகி, போருக்குப் பின் பிரிட்டன் ஓங்குகிறது. ஆக மூன்று வரலாறுகள். இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் தாளில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.